ஈயம் போன கிடாரமும் அரபுத் தக்காளியும்

நான் சமைத்த பெண்கள் விடுதியின் பழைய மாணவிகள் நினைவு மலர் ஒன்று போடப் போகிறார்களாம். அதற்கு நான் அந்த நாட்களில் செய்த "அரபுத் தக்காளி"யின் செய்முறையை, நான்கு பேருக்கு அளவாக, ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதித் தரவேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது. கனடாவில் இருக்கும் ஒரு மாணவி அரபுக் கடையொன்றில் அதே சாப்பாட்டைக் கண்டு, வாயில் வைத்ததும் என் ஞாபகம் வந்ததாகச் சொன்னாளாம். கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். ஒரு பக்கம் என்பது கையெழுத்தில் ஒரு பக்கமா, அச்சில் ஒரு பக்கமா என்று அதில் இல்லை. நான்கு பேருக்கு நான் ஒருநாளும் சமைத்ததில்லை. என் அளவெல்லாம் எண்பத்தாறு பிள்ளைகளுக்கு உரியது. அதை நான்கால் பிரித்துப் பார்த்தால் மீதி வருகிறது.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. செய்முறையை மட்டும் எழுதினால் யாராவது ஊரில் பித்தளைப் பாத்திரத்தில் வைத்துச் செய்துவிடுவார்கள். ஆகவே ஒரு பக்கம் போதாது. மலர்க் குழுவினர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் சமையல் பழகியது யாழ்ப்பாணத்தில் அல்ல. பத்தாம் வகுப்புச் சித்தியடைந்து, எழுதுவினைஞர் வேலைக்கு ஒன்பது விண்ணப்பம் போட்டு, ஒன்றுக்கும் பதில் வராமல், ஜோர்தானில் வீதி போடும் கம்பனி ஒன்றின் முகாமுக்குப் போனேன். களஞ்சியக் கணக்குக்கு ஆள் வேண்டும் என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். போய் இறங்கியதும் சமையற்கட்டில் உள்ளி, அதுதான் வெள்ளைப்பூண்டு, உரிக்க விட்டார்கள். நான்கு வருடமும் இரண்டு மாதமும் அங்கே இருந்தேன். 1983 தொடக்கத்தில் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினேன்.

அங்கே தலைமைச் சமையற்காரர் அபு ஹாலித் என்பவர். பலஸ்தீனத்துக்காரர். எனக்கு அரபு தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பிழை செய்தால் நாக்கை ஒருதரம் "ட்ச்" என்று கொட்டுவார். முதல் மாதத்தில் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கேட்டிருக்கிறேன். கடைசி வருடத்தில் கிழமைக்கு ஒன்று. அதுதான் எனக்குக் கிடைத்த சான்றிதழ்.

அந்தத் தக்காளிச் சாப்பாட்டை அவர்கள் கலாயத் பந்தோரா என்பார்கள். தாச்சியில் பொரித்த தக்காளி என்றுதான் அர்த்தம். ஏழையும் சாப்பிடுவான், இஞ்சினியரும் சாப்பிடுவார். ஐந்தே பொருட்கள்: தக்காளி, உள்ளி, பச்சை மிளகாய், உப்பு, ஒலிவ் எண்ணெய். தண்ணீர் ஒரு துளியும் விடக் கூடாது. வெங்காயம் இல்லை. தூள் இல்லை.

நன்றாகப் பழுத்த, ஆனால் அமுக்கினால் நசியாத தக்காளியைக் குறுக்கே இரண்டாக வெட்ட வேண்டும். அகன்ற தாச்சியில் எண்ணெய் விட்டு, அது காய்ந்து புகைவதற்கு முன்னர், வெட்டிய பக்கம் கீழே இருக்கத் தக்காளியை ஒன்றோடொன்று முட்ட அடுக்க வேண்டும். மூடிவிட வேண்டும். கிண்டக் கூடாது. பத்து நிமிடத்தில் தோல் சுருங்கி மேலெழும்பும். அப்போது மூடியைத் திறந்து, விரல் நுனியால் ஒவ்வொரு தோலாகக் கிள்ளி எடுக்க வேண்டும். விரல் சுடும். அபு ஹாலித் அதற்குக் கரண்டி பாவிக்க விடமாட்டார். கரண்டி சதையையும் கிள்ளிவிடும். தோல் முழுதும் எடுத்த பிறகு உப்பைத் தூவி, அகப்பையின் பின்புறத்தால் மெல்ல அமுக்க வேண்டும். தட்டிய உள்ளியையும் கீறிய பச்சை மிளகாயையும் இந்த நேரத்தில்தான் போட வேண்டும். முதலிலேயே போட்டால் உள்ளி கருகும். பிறகு மெல்லிய நெருப்பு. தக்காளித் தண்ணீர் வற்றி, எண்ணெய் தனியாகப் பிரிந்து ஓரத்தில் நிற்க வேண்டும். அகப்பையால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும். நான் ஏழு எண்ணுவேன். ஏழு எண்ணும்வரை கோடு நின்றால் இறக்கலாம். ரொட்டியைப் பிய்த்து, அதாலேயே அள்ளிச் சாப்பிடுவது.

நான்கு பேருக்குப் பன்னிரண்டு தக்காளி, ஆறு பல் உள்ளி, மூன்று மிளகாய், நான்கு மேசைக்கரண்டி எண்ணெய். ஒலிவ் எண்ணெய் இல்லாவிட்டால் நல்லெண்ணெய். மண் சட்டியில் செய்யுங்கள், அல்லது எவர்சில்வரில். இதை இரண்டு தரம் சொல்கிறேன்: மண் சட்டியில் செய்யுங்கள்.

அபு ஹாலித்தின் சமையற்கட்டில் பெரிய செப்புச் சட்டிகள் இருந்தன. உட்புறம் வெள்ளீயம் பூசியது. இத்தனை தரம் சமைத்தால் திரும்ப ஈயம் பூச வேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. சமைக்கும்போதெல்லாம் கரித்துண்டால் சுவரில் கோடு போடுவது என் வேலை. பூச்சுப் போன செம்பில் புளிப்பு ஏதும் கிடந்தால் பச்சைக் களிம்பு ஊறிச் சாப்பாடு நஞ்சாகும் என்பதை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து விழுவதுபோல நடித்துக் காட்டித்தான் எனக்கு விளங்கவைத்தார். அந்தக் கோடு போடும் பழக்கத்தை ஊருக்கும் கொண்டு வந்தேன். பிறகு நடந்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

1984இல் யாழ்ப்பாணத்தில் மருதனார்மடத்துக்குக் கிட்ட இருந்த மிஷன் பெண்கள் விடுதி ஒன்றில் சமையற்காரனாகச் சேர்ந்தேன். சைவக் குடும்பத்தவன் மிஷன் விடுதியில் சமைப்பதா என்று இரண்டு பேர் கேட்டார்கள். இரண்டு பேர்தான். மற்றவர்கள் கேட்கவில்லை.

விடுதிக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் மிஸ் என்றே கூப்பிடுவோம். கலியாணம் செய்யாதவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். வெள்ளைச் சேலை, இடது கையில் ஆண்கள் கட்டும் மணிக்கூடு. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சாப்பாட்டில் உப்புக் கூடினால் சமையலறை வாசலில் வந்து நின்று, "நடராசா, இண்டைக்கு என்ன யோசினை?" என்பார். அவ்வளவுதான். அன்று முழுக்க எனக்கு வேறு யோசனை வராது.

அவரிடம் ஒரு விதி இருந்தது. எந்த நேரச் சாப்பாடானாலும் முதற் கோப்பை அவருக்கு. ருசி பார்க்க ஒரு கரண்டி என்ற கதையில்லை, ஒரு பிள்ளை சாப்பிடும் அளவு முழுதும். சாப்பாட்டு மண்டபத்தின் வாசலோரம் ஒரு சின்ன மேசையில் தனியே இருந்து, எனாமல் கோப்பையைத் துடைத்ததுபோலச் சாப்பிட்டு முடிப்பார். பிறகு சமையலறைப் புத்தகத்தில் நேரத்தையும் சாப்பாட்டின் பெயரையும் எழுதுவார். அரை மணித்தியாலம் அதே கதிரையில் இருப்பார். அதன் பிறகு தானே எழும்பிப் போய் மணியை அடிப்பார். கரண்டியைக் கோப்பையில் நிமிர்த்தி வைத்தால் சரி. கவிழ்த்து வைத்தால் ஏதோ பிழை. நான் கதவிடுக்கால் கரண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என்னோடு சமையலறையில் வேலை செய்தவர் பாக்கியம். கரவெட்டிப் பக்கம், மூன்று பிள்ளைகளின் தாய். வாய் சும்மா இராது. நான் முதன்முதல் அரபுத் தக்காளி செய்த நாளில் தாச்சிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "உதென்ன அண்ணை, தக்காளியைக் குப்புறப் போட்டு அழ விட்டிருக்கிறியள்?" என்றார்.

"அழட்டும். கண்ணீர் வத்தினால்தான் ருசி."

"அப்ப உங்கடை மனிசி நல்ல ருசியாயிருப்பா."

பிள்ளைகள் அதைவிட மோசம். முதல் நாள் ஒருத்தி எழும்பி, "மிஸ், நடராசா அண்ணை தேங்காய்ப்பால் விட மறந்து போனார்" என்று முறையிட்டாள்.

"மறக்கேல்லைப் பிள்ளை, அரபு நாட்டிலை தென்னை இல்லை" என்றேன்.

"அப்ப ஒட்டகப்பால் எண்டாலும் விட்டிருக்கலாமே."

மண்டபம் முழுதும் சிரித்தது. ஆனால் கோப்பைகள் எல்லாம் வெறுமையாகத் திரும்பின. எண்ணினேன். அதன் பிறகு தக்காளிக் காலத்தில் கிழமைக்கு ஒரு நாள் அது கட்டாயமாயிற்று. மிஸ்ஸின் கோப்பையும் வெறுமை. கரண்டி நிமிர்ந்திருந்தது.

1990இல் சண்டை தொடங்கிக் கொழும்புப் பாதை மூடி, வரவேண்டிய சாமான் எதுவும் வராமற் போயிற்று. மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, சீனி இல்லை. ஆனால் தக்காளி இருந்தது. வெளியே அனுப்ப வழியில்லாமல் சந்தையில் குவிந்து கிடந்தது. தோட்டக்காரத் தகப்பன்மார் பிள்ளைகளைப் பார்க்க வரும்போது பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். மற்றவை எல்லாம் எனக்குப் போதாது. தக்காளி மட்டும் மிதமிஞ்சியது. மிஞ்சினாலும் எனக்குக் கவலைதான். அழுகும்.

இனி அந்த நாள். அடுத்த வருட மாசி மாதம்.

அதற்கு முந்திய கிழமை, தீவுப்பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்த சனங்களுக்கு எங்கள் மூன்று பெரிய அலுமினியத் தாச்சிகளையும் மிஸ் கொடுத்துவிட்டார். "மிஸ், எங்களுக்கு என்ன மிச்சம்?" என்று கேட்டேன். "உம்மட்டைக் கிடாரம் இருக்குத்தானே" என்றார். பித்தளைக் கிடாரம். உள்ளே ஈயம் பூசியது. சோறு வடிக்கவும் பொங்கலுக்கும் பாவிப்போம். அதற்கும் நான் அடுப்புக்குப் பின்சுவரில் கரிக்கோடு போட்டு வந்தேன். அறுபது கோடு ஆனதும் ஈயம் பூசுவிக்க வேண்டும் என்பது என் கணக்கு. அன்று நாற்பத்தொரு கோடுதான் இருந்தது.

ஆனால் அந்தக் கிடாரத்தை இரண்டு நாள் முன்னர் பக்கத்து வைரவர் கோயில் பொங்கலுக்கு இரவல் கேட்டிருந்தார்கள். மிஸ் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. பொங்கல் முடிந்து அன்று காலையில்தான் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஊரில் இரவல் வாங்கிய பித்தளையை மங்கலாகத் திருப்பிக் கொடுத்தால் அந்த வீட்டுக்கே இழுக்கு. வாங்கியதைவிட மினுக்கித்தான் கொடுப்பார்கள். பழப்புளியும் சாம்பலும் தும்பும் போட்டு, வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் இரண்டு பெண்கள் இருந்து மாறி மாறித் தேய்த்திருக்கிறார்கள். சவர்க்காரமே கிடைக்காத நாளில், எங்கள் மேல் உள்ள மரியாதைக்காக அவ்வளவு பாடு.

"பாருங்கோ அண்ணை, முகம் பாக்கலாம்" என்றார் பாக்கியம்.

"முகம் பாக்க நேரமில்லை. தூக்கு."

எங்கள் சமையலறையின் இரண்டு யன்னல்களையும் செல் குண்டுக்குப் பயந்து பனங்குற்றியும் மண்மூட்டையும் வைத்து மூடியிருந்தோம். பகலிலும் அரை இருட்டு. கிடாரத்தின் உள்ளே ஏதோ பளபளத்தது தெரிந்தது. அது வெள்ளையா மஞ்சளா என்று வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தேன். நாற்பத்தொன்று. இன்னும் பத்தொன்பது இருக்கிறது என்று நாற்பத்திரண்டாவது கோட்டைப் போட்டேன்.

விளக்குக்கு எண்ணெய் இல்லாதபடியால் இராச் சாப்பாட்டைப் பொழுது படுமுன்னரே முடித்துவிடுவோம். மத்தியானம் சின்னப் பானைகளில் வடித்து ஆளுக்கு ஒரு அகப்பைச் சோறும் பருப்புத் தண்ணீரும்தான் கொடுத்தோம். பின்னேரம் தக்காளியும் பேக்கரிப் பாணும். இருநூற்று ஐம்பத்தெட்டுத் தக்காளி, பிள்ளைக்கு மூன்று வீதம். கிடாரம் ஆழமானது. தாச்சியைப்போலப் பரப்பி அடுக்க முடியாது. அடுக்கடுக்காக வைத்து, தோல் கிள்ளி, வற்றவைக்க இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டரை மணிக்கு அகப்பையால் கோடு இழுத்தேன். ஏழு எண்ணும்வரை நின்றது. இறக்கினேன். வேறு பாத்திரத்தில் ஊற்ற வேண்டும் என்று தெரியும். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொள்ளத் தாச்சி ஏது? கிடாரத்திலேயே மூடி வைத்தேன். பாண் மூன்று மணிக்கு வந்துவிடும், அரை மணித்தியாலம்தானே என்று நினைத்தேன்.

மூன்று மணிக்குப் பாண் வரவில்லை. சந்திப் பக்கம் பொம்மர் விமானங்கள் சுற்றின. பிள்ளைகள் எல்லோரும் பதுங்குகுழிக்குள் இறங்கினார்கள். எண்பத்தாறு. எண்ணித்தான் இறக்கினேன், எண்ணித்தான் ஏற்றினேன். பாண்காரர் நாலு முப்பத்தைந்துக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். தலையெல்லாம் மண்.

"மதகுக்குக் கீழை படுத்துக் கிடந்தனான் அண்ணை. பாணை அடியிலை வைச்சு நான் மேலை கிடந்தன். பாண் நசிஞ்சிருந்தால் அதுதான் காரணம்."

"நீர் நசியேல்லைத்தானே" என்றார் பாக்கியம்.

நாலு நாற்பதுக்கு முதற் கோப்பை மிஸ்ஸுக்குப் போயிற்று. கிடாரத்தின் மேற்பரப்பிலிருந்து அள்ளியது. கதவிடுக்கால் பார்த்தேன். முழுதும் சாப்பிட்டார். கரண்டி நிமிர்ந்திருந்தது. எனக்கு நெஞ்சு ஆறியது.

நாலு ஐம்பத்தைந்திலிருந்து பாக்கியமும் நானும் கோப்பைகளில் ஊற்றத் தொடங்கினோம். பிள்ளைகள் வருமுன்னரே எல்லாக் கோப்பையும் மேசையில் இருக்க வேண்டும். இடம் போதாமல் கிடாரத்தைச் சமையலறையிலிருந்து பின் விறாந்தைக்கு இழுத்திருந்தோம். அங்கே வெயில் சாய்ந்து விழுந்தது. கடைசிக் கோப்பைகளுக்காக அடியை வழித்தபோது, அகப்பை பட்ட இடமெல்லாம் மஞ்சளாக மின்னியது. குனிந்து பார்த்தேன். வெள்ளை எங்கும் இல்லை; மினுக்கியதில் ஈயமும் போயிருந்தது. ஓரத்தில், குழம்பு காய்ந்து நின்ற இடத்தில், ஒரு விரல் அகலத்துக்குப் பச்சையும் நீலமும் கலந்த கோடு வட்டமாக ஓடியிருந்தது. வழித்ததை நாக்கில் வைத்தேன். செப்புச் சல்லியைச் சூப்பியதுபோல இருந்தது. துப்பினேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்து இரண்டு.

அப்போதே மண்டபத்துக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை.

ஏன் ஓடவில்லை என்று இத்தனை வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். பிள்ளைகளுக்குக் கொடுக்க வேறு ஒன்றும் இல்லை. இது ஒரு காரணம். ஈயத்தைக் கவனியாத சமையற்காரன் என்று ஊர் முழுக்கச் சொல்லும், வேலை போகும், அந்த நாளில் வேறு வேலை எங்கே? இது இரண்டாவது. ஆனால் உண்மையான காரணம் வேறு. மிஸ் சாப்பிட்டு இருபது நிமிடத்துக்கு மேலாகிவிட்டது. அவருக்கு ஒன்றும் இல்லையே. ஏதாவது என்றால் மணி அடிக்கமாட்டார்தானே. என் நாக்குத்தான் பிழை, பயத்தில் அப்படி ருசிக்கிறது என்று எனக்கு நானே சொன்னேன். கதவிடுக்கால் பார்த்தேன். கதிரையில் மிஸ் இல்லை. சற்று நேரத்தில் வந்தார். கைலேஞ்சியால் வாயைத் துடைத்தார். நேராக நடந்து போய் மணியை அடித்தார். ஐந்து பத்து.

மிஸ்ஸே அடித்துவிட்டார், அப்படியென்றால் சரி என்று நினைத்தேன். ஆனாலும் மண்டபத்துக்குள் போய் மேசையோரம் நின்றேன்.

பிள்ளைகள் வந்து கோப்பைக்கு முன்னால் நின்றார்கள். ஜெபம் முடிந்து ஆமென் சொல்லும்வரை ஒருவரும் கை வைக்கக் கூடாது. அது அங்கே கல்லில் எழுதியது மாதிரி. மிஸ் கண்ணை மூடி ஆரம்பித்தார். பாணுக்காக நன்றி சொன்னார். அதைக் கொண்டு வந்தவருக்காக. தக்காளி தந்த கைகளுக்காக. இடம்பெயர்ந்து வந்த சனங்களுக்காக. காய்ச்சலில் படுத்திருந்து எழும்பிய ஒரு பிள்ளைக்காக. மழைக்காக. எனக்குக் கிட்ட நின்ற ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆராவது ஆமென் எண்டு சொல்லுங்கோடி, செத்துப் போவன்" என்றாள்.

செத்துப் போவன் என்றதுதான் காதில் விழுந்தது.

"மிஸ், நிப்பாட்டுங்கோ!"

ஏழு வருடத்தில் அந்த மண்டபத்துக்குள் நான் சத்தம் போட்டுக் கதைத்ததில்லை. ஜெபத்துக்கு நடுவே ஒருவருமே கதைத்ததில்லை. எண்பத்தாறு தலையும் ஒன்றாக நிமிர்ந்தன.

"ஒருத்தரும் கை வைக்காதேங்கோ. கிடாரத்திலை ஈயம் இல்லை மிஸ். களிம்பு பிடிச்சிட்டுது. உது நஞ்சு."

மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்து பதின்மூன்று.

மிஸ்ஸின் முகம் வெளிறிப் போய் இருந்தது. "பிள்ளையள், ரெண்டு அடி பின்னுக்குப் போங்கோ" என்றார். "ஆர் ஆர் தொட்டது? பொய் சொல்ல வேண்டாம். ஏச மாட்டன்."

நான் மேசை வழியே கோப்பை கோப்பையாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஐம்பத்து மூன்றாவது கோப்பையில் ஒரு விரல் ஓடிய தடம் இருந்தது. அதற்குப் பின்னால் நின்ற சின்னப் பிள்ளை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். "ஒருக்கால்தான் நக்கினனான் மிஸ். நல்லாயிருந்தது."

மிஸ் அவளை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் பருக்கினார். நான் பக்கத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு மணித்தியாலம் நின்றேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "நடராசா அண்ணை ஏன் என்னையே பாக்கிறார்?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குள் பாக்கியம் பிள்ளைகளுக்குப் பாணையும் பனங்கட்டித் துண்டும் வெறுந்தேத்தண்ணியும் கொடுத்தார். எண்பத்தைந்து கோப்பையையும், அந்த ஒன்றையும், கிடாரத்தில் மிஞ்சியதையும் பின்வளவில் குழி வெட்டிக் கொட்டினோம். பசி அடங்காத பிள்ளைகள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அரபுக்காரர் எங்களைப் பட்டினி போட்டிட்டார்" என்று ஒருத்தி சொன்னாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு மிஸ் கூப்பிட்டார். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று என் சாரத்தையும் இரண்டு சேட்டையும் ஏற்கெனவே மடித்து வைத்துவிட்டுத்தான் போனேன். அவர் தன் அறை வாசலில் சாய்கதிரையில் இருந்தார். சாய்கதிரையில் அவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"இரும்" என்றார்.

"நிக்கிறன் மிஸ்."

"இரும் நடராசா. நான் கனக்கக் கதைக்க ஏலாது." தண்ணீர் ஒரு மிடறு குடித்தார். "எனக்குத்தான் முதல் வந்தது. மணி அடிக்க முன்னமே ஒருக்கால் வாந்தி எடுத்தனான். பழைய வயித்துப் புண் எண்டு நினைச்சன். நினைச்சன் எண்டுறதைவிட, அப்பிடி இருக்க வேணும் எண்டு விரும்பினனான். பிள்ளையள் மத்தியானமும் அரை வயிறு. நீர் எல்லாத்தையும் எண்ணிப் பாக்கிற மனிசன், உம்மட்டைப் பிழை வராது எண்டு மணியை அடிச்சுப்போட்டன்."

நான் வாசற்படியில் இருந்தேன். மிஸ் தொடர்ந்தார்.

"பேந்து ஜெபத்துக்கு நிண்டால், ஆமென் சொல்ல ஏலாமல் கிடக்கு. சொன்னால் சாப்பிட்டுவிடுவினம். சொல்லாமல் விடவும் காரணம் தெரியேல்லை. வாய்க்கு வந்த எல்லாத்துக்காகவும் ஜெபிச்சுக்கொண்டு நிண்டன். நீர் வந்து கத்தினீர். அந்த விதியை வைச்சது நான். அதை மீறினதும் நான். நீர்தான் பிள்ளையளைக் காப்பாத்தினது."

"அப்பிடி இல்லை மிஸ்..."

"பொறும். புத்தகத்திலை எழுத வேணும்." சமையலறைப் புத்தகத்தை மடியில் விரித்தார். முதல் நாள் தன் கையால் எழுதிய நாலு நாற்பது என்பதற்குக் கீழே, தனக்குச் சுகமில்லாமல் வந்ததையும் அதை மறைத்து மணி அடித்ததையும் ஒரு சொல்லும் குறைக்காமல் எழுதினார். இனி முதற் கோப்பையை விடுதிப் பொறுப்பாளரும் சமையற்காரரும் சேர்ந்து சாப்பிட வேண்டும், இருவரும் சம்மதித்தால்தான் மணி என்று புது விதியும் எழுதினார். பிறகு பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"நீர் களிம்பைக் கண்டு எத்தினை நிமிசத்திலை வந்து சொன்னனீர்?"

பதினொரு நிமிடம். எனக்குத் தெரியும். இரண்டு முறையும் மணிக்கூட்டைப் பார்த்திருந்தேன். அவர் தன் பிழையை இவ்வளவு நேராகச் சொன்ன பிறகு, என் பிழையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது.

"ஒரு நிமிசம்கூட ஆகேல்லை, மிஸ்" என்றேன்.

அவர் தலையாட்டினார். "சமையற்காரர் கண்டவுடனே வந்து அறிவித்தார்" என்று எழுதி, புத்தகத்தை என் பக்கம் திருப்பி, பேனையை நீட்டினார். அவர் எழுதியதை ஒரு தரம் முழுதும் வாசித்துப் பார்த்தேன். அதன் பிறகுதான் கையெழுத்து வைத்தேன்.